சேர்த்தலும் துய்த்தலும்

மனிதன் பொருளைத் தேடுகிறான், தேடியதைச் சேர்க்கிறான், சேர்த்ததைக் காக்கிறான். துய்ப்பதற்காகவே தேடினோம் என்பதை இவற்றுக்கிடையே அவன் மறந்துவிடுவதும் உண்டு. திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, உடையவனும் துய்க்காமல் பிறர்க்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தின் சிறுமையைப் பத்துக் குறள்களில் எடுத்துரைத்தார். நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் எண்ணியே நாம் பெரும்பாலும் அவ்வதிகாரத்தைப் படிக்கிறோம். செவிக்குரிய செல்வத்துக்கும் அது பொருந்துமா? இவ்வினாவை என் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஓர் இசைத்தட்டு. அத்தட்டு இன்று என்னிடம் முழுமையாக இல்லை. அதன் கதையைச் சொல்லியே என் கருத்தையும் சொல்ல விழைகிறேன்.

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்கு யூதத் தெருவை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்துக்கு இட்டுச் செல்லும் அக்குறுகிய தெருவில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இன்று அத்தெருவை நிறைத்திருப்பவை பழம்பொருட் கடைகள். யார் யாரோ வீடு மாறும்போது விட்டுச் சென்ற நாற்காலிகளும் விளக்குகளும் கண்ணாடிகளும் அங்கே வந்து சேர்ந்து, புதிய உடையவரை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அக்காட்சி ஏதோ ஒன்றை உணர்த்தாமல் இராது. குடிபெயர்வோன் எதை எடுத்துச் செல்கிறான், எதை விட்டுச் செல்கிறான் என்னும் எண்ணம் அத்தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு.

2016ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, அங்கே ஒரு கடையில், ஓடாத சுவர்க்கடிகாரங்களுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கண்டேன். நீண்டநேர இசைத்தட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு முன்பே இருந்தது. அரசு அலுவலக எழுத்தரின் ஊதியத்துக்கு அது சற்று மிகையான பழக்கம் என்று இல்லத்தரசி கூறுவதுண்டு, மறுக்க இயலவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பழைய 78 சுழற்சித் தட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயர் இருந்தது. கடைக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார்; பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் புதிய உறையொன்று செய்து, கண்ணாடி அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். அன்று நான் அடைந்த மகிழ்ச்சி பாட்டைக் கேட்ட மகிழ்ச்சி அன்று. தட்டை உடைய மகிழ்ச்சி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்குப் புலப்படவில்லை.

கிட்டப்பா யார் என்பதை இளைஞர்களின் பொருட்டு ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பெருங்கூட்டத்தைத் தம் குரலால் கட்டிப்போட்டவர், கே. பி. சுந்தராம்பாளின் கணவர். 1933இல், இருபத்தேழே வயதில், மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931இல்தான் பிறந்தது. அதில் தம் உருவத்தையும் குரலையும் விட்டுச் செல்ல அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. எனவே அவர் குரல் இன்று நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளின் வழியாகவே. அத்தட்டுகளை அக்காலத்தில் வாங்கியவர்களும், பிற்காலத்தில் தேடித் தொகுத்தவர்களும் இல்லையேல், கிட்டப்பா என்பது வெறும் பெயராகவே நின்றிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். அவரும் செங்கோட்டைக்காரர். செங்கோட்டை திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்த காலத்தில் பிறந்தவர்; 1956 நவம்பர் முதல் நாள் அவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது பள்ளிச் சிறுவர். பின்னர் பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்து, பஜார் சாலையில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் கிட்டப்பா தட்டு இருக்கும் செய்தி எப்படியோ அவர் செவிக்கு எட்டியது. 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, குடையை மடக்கிக்கொண்டு வாயிலில் நின்றார்.

"தம்பி, கிட்டப்பா தட்டு ஒண்ணு கெடச்சிருக்காமே? ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். ஊர்ல அப்பா பெட்டியில போட்டுக் கேட்டது. அப்புறம் தட்டுல நான் கேட்டதே இல்ல."

நான் அவரை அமர வைத்தேன், தேநீர் கொடுத்தேன், தட்டையும் காட்டினேன். ஆனால் போடவில்லை. "ஐயா, இது மிகவும் பழைய தட்டு. இதற்கேற்ற ஊசி என்னிடம் இல்லை. இருக்கிற ஊசியில் போட்டால் கெட்டுவிடும். கிட்டப்பா பாட்டுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, கேளுங்கள்" என்று சொல்லி, இணையத்தில் தேடி ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தேன். அவர் இறுதிவரை கேட்டார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீண்டும் அவர் கேட்கவில்லை. மறு ஆண்டில் மகளுடன் வாழக் கோயம்புத்தூர் சென்றார். சில ஆண்டுகளில் அங்கேயே காலமானார் என்று கேள்வியுற்றேன்.

நான் சொன்ன காரணம் பொய்யன்று. எனினும் அது முழு உண்மையும் அன்று. இதனை விளக்க, இசைத்தட்டின் இயல்பைச் சிறிது கூற வேண்டும்.

எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியைக் கண்டார். அவர் பயன்படுத்தியது உருளை. தட்டை வடிவில் பதியும் முறையை 1887இல் எமில் பெர்லினர் வகுத்தார். 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். இந்திய இசைத்தட்டின் வரலாறு அங்கே தொடங்குகிறது. 1908 முதல் தட்டுகள் கல்கத்தாவிலேயே உருவாகலாயின. உலகெங்கும் சுழன்ற அந்தப் பழைய தட்டுகளின் உயிர்ப்பொருள் நம் நாட்டு மரங்களில் சிறுபூச்சிகள் சுரக்கும் அரக்கு என்பது பலருக்கு வியப்பளிக்கும். அரக்குடன் கல்தூளும் பிறவும் கலந்து அழுத்திய அத்தட்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழன்று, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். கைதவறி விழுந்தால் ஓடு போல் உடையும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் நெகிழிப் பொருளாலான நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. அது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடவல்லது. 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் அவ்வகைத் தட்டே.

இருவகைத் தட்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஊசி தட்டைத் தொட்டால்தான் பாட்டுப் பிறக்கும். தொடுந்தோறும் தட்டு சிறிதேனும் தேயும். கேட்பது என்பது செலவழிப்பதே. பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் தட்டை அழுத்தியது. எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இக்காலக் கருவியின் ஊசி அழுத்துவது சில கிராம்களே. ஆனால் 78 சுழற்சித் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கு அகன்ற முனையுடைய தனி ஊசி வேண்டும். நீண்டநேரத் தட்டின் நுண்ணிய ஊசி அதில் சரியாகப் பொருந்தாது. ஆகவே பெரியவரிடம் நான் சொன்னது உண்மைதான்.

சொல்லாத உண்மை ஒன்று உண்டு. அந்த அகன்ற ஊசியை விலைக்கு வாங்கியிருக்கலாம். தட்டு வாங்கி ஓராண்டு ஆகியும் நான் வாங்கவில்லை. தக்க ஊசியால் ஒருமுறை ஒலிப்பதால் தட்டுக்குப் பெருந்தீங்கு எதுவும் நேராது என்பதையும் அறிவேன். கேட்கும் ஆவல் எனக்கு இருந்திருந்தால் முதல் திங்களிலேயே ஊசி வந்திருக்கும். தட்டு அலமாரியில் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பிறர் கேட்கத் தருவது என் உடைமையில் ஒரு பங்கைக் கொடுப்பதாக உள்ளம் கருதியது. அந்தக் கருமித்தனத்துக்குப் 'பாதுகாப்பு' என்னும் நல்ல பெயரைச் சூட்டிக்கொண்டது.

இதன் முடிவைக் கூற நாணுகிறேன். எனினும் கூறாமல் விடுவது முறையன்று. 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறியது. கொச்சியின் மழையை அறிந்தோர் தட்டுறைகளில் பூஞ்சணம் படர்வதையும் அறிவர். தட்டுகளைக் காக்க வேண்டுமென்று அலமாரியை இடம் மாற்றினேன். தூக்கும்போது கதவு திறந்துகொண்டது. நெகிழித் தட்டுகள் தரையில் வழுக்கிச் சென்றன. அரக்குத் தட்டு மூன்று துண்டாயிற்று. அதன் ஒலியைப் படியெடுத்தும் வைக்கவில்லை. என் உடைமையாக இருந்த மூன்றாண்டுகளில் அத்தட்டு ஒருமுறையேனும் பாடவில்லை. எனக்கும் பாடவில்லை, செங்கோட்டைப் பெரியவருக்கும் பாடவில்லை. 'நன்றியில் செல்வம்' என்னும் அதிகாரத்தை அன்றிரவு எடுத்துப் படித்தேன். அது எனக்காகவே எழுதப்பட்டது போல் இருந்தது.

அப்படியாயின் சேர்த்தல் குற்றமா? துய்த்தல் ஒன்றே போதுமா? அவ்வாறு முடிவு செய்வதும் பிழை என்பதற்கு நம் மட்டாஞ்சேரியே சான்று. 1926இல் பிறந்து 1981இல் மறைந்த பாடகர் மெஹபூப் இப்பகுதி மக்களின் உள்ளங்கவர்ந்தவர். 'ஜீவித நௌக', 'நீலக்குயில்' முதலிய மலையாளத் திரைப்படங்களில் அவர் பாடிய பாட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அவர் புகழுக்கு அடிப்படையானவை திருமண வீடுகளில் இரவிரவாகப் பாடிய பாட்டுகள். அவற்றைக் கேட்டோர் நிறையத் துய்த்தனர். அவற்றுள் பெரும்பகுதியைச் சேர்த்துவைப்பார் இல்லை. கேட்டவர்களின் நினைவோடு அவ்வின்பமும் ஒவ்வொன்றாக விடைபெற்று வருகிறது. சேர்ப்பாரின்றித் துய்த்தல் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் என்பதை இதனால் உணரலாம்.

யூதத் தெருவிலிருந்து சென்றவர்களின் வரலாறு மற்றொரு பாடம் கற்பிக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் விழாவிலும் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைக் கையெழுத்து ஏடுகளில் எழுதி வைத்திருந்தனர். குடிபெயர்ந்தபோது கனத்த பொருள்கள் பல இங்கே தங்கின. பாட்டேடுகள் கடல் கடந்தன. அப்பாட்டுகளுள் சில 2004இல் ஜெருசலேமில் குறுந்தட்டாக வெளிவந்தன. ஏட்டை அவர்கள் பூட்டி வைத்திருந்தால் பாட்டின் மெட்டு மறைந்திருக்கும். ஏடே இல்லாமல் பாடியிருந்தால் சொல் மறைந்திருக்கும். எழுதியும் வைத்தார்கள், கூடிப் பாடவும் செய்தார்கள். ஆகவே இரண்டும் பிழைத்தன.

சேர்ப்போருள் இந்நெறி அறிந்த பெரியோர் இல்லாமல் இல்லை. சென்னையின் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டியதோடு நில்லாமல், அவற்றிலிருந்து பெற்ற செய்திகளைக் கட்டுரைகளாக எழுதி நாட்டுக்கு வழங்கினார். மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, 'ஓடியன்', 'யங் இந்தியா' என்னும் பழைய நிறுவனங்களின் தட்டுகளை இலக்கமுறையில் படியெடுத்தனர். நம் கேரளத்திலேயே, கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், ஓய்வு பெற்ற ஓர் அலுவலர் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த கிராமபோன்களையும் தட்டுகளையும் கொண்டு 2015இல் அருங்காட்சியகம் திறந்தார். இவர்கள் என்னினும் மிகுதியாகச் சேர்த்தவர்கள். ஆயின் இவர்கள் அலமாரிக்குக் கதவு இருந்தது. என் அலமாரிக்குப் பூட்டு மட்டுமே இருந்தது.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். "கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது தட்டு எதற்கு, அப்பா?" என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. கிராமபோன் நாளில் இசை செல்வர் வீட்டுப் பொருள். மற்றவர் அவர் வீட்டுத் திண்ணையோரம் நின்று கேட்டனர். இன்று ஃபோர்ட் கொச்சித் தோபிகானாவில் துணி தேய்க்கும் நம் தமிழ்த் தொழிலாளியும், பஜார் சாலைப் பெருவணிகரும் ஒரே பாட்டை ஒரே நொடியில் கேட்க இயலும். எத்தனை முறை கேட்டாலும் அது தேயாது. பழமைப் பற்றின் காரணமாக இப்பெரும் நன்மையைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. கிட்டப்பாவின் குரலைப் பெரியவர் அன்று கேட்டதும் கைப்பேசியில்தானே!

எனினும் இரண்டு குறைகளை நாம் மறத்தல் கூடாது. முதலாவது, அச்செல்வம் நம் கையில் இல்லை. கட்டணம் செலுத்திக் கேட்கும் பாட்டுக்கு நாம் உடையவர் அல்லேம். கேட்கும் இசைவு பெற்றவரே. 2024இல் நம் நாட்டில் பெருவழக்கில் இருந்த பாட்டுச் செயலி ஒன்று மூடப்பட்டது. அதில் பயனர் ஆண்டுக்கணக்கில் அமைத்து வைத்திருந்த பாட்டு வரிசைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டாவது, எளிதில் கிடைப்பதால் நாம் கேட்பதும் எளிதாகிவிட்டது. கோடிப் பாட்டுகள் கையில் இருக்க, ஒரு பாட்டை இறுதிவரை கேட்கும் பொறுமை குறைந்து வருகிறது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு செவிக்கருவிகளோடு நான்கு பாட்டுகளைக் கேட்கின்றனர். இசைத்தட்டு ஒலித்த வீட்டில் விரும்பியோரும் விரும்பாதோரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள், பூசலிட்டார்கள்.

மேனாட்டாரும் இக்குறையை ஓரளவு உணர்ந்தனர் போலும். 1982இல் குறுந்தட்டு வந்தபோது இசைத்தட்டின் காலம் முடிந்தது என்றனர். அமெரிக்காவிலோ 2022ஆம் ஆண்டில் வினைல் தட்டுகள் குறுந்தட்டுகளைவிட எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. 1987க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. இதனை மறுமலர்ச்சி என்று போற்றுகின்றனர். வாங்கியோர் அனைவரும் கேட்பதற்காகவே வாங்கினரா என்பது என் ஐயம். உறையைப் பிரிக்காமலே சுவரில் மாட்டி அழகு பார்ப்போரும் உளர். அவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. யானும் அவ்வினத்தவனாக இருந்தவனே.

ஆகவே நான் கண்ட முடிவு இது. ஒரு பாட்டின் அரிய பதிவு நம் கைக்கு வருமாயின், அதற்கு நாம் உடையவர் என்பது கடைக்காரர் கணக்கில் மட்டுமே உண்மை. நமக்கு முன் அது யாரிடமோ இருந்தது. நமக்குப் பின் யாரிடமோ இருக்க வேண்டுவது. இடையில் நமக்குள்ள கடமைகள் மூன்று. முதலில் அதன் ஒலியைப் படியெடுத்துப் பாட்டை அழிவிலிருந்து காத்தல். அடுத்து, தக்க ஊசியும் தூய துணியும் கொண்டு தட்டைப் பேணுதல். பிறகு அஞ்சாமல் அதனைப் பாட விடுதல், அதுவும் பிறரோடு கூடிக் கேட்டல். சிறிது தேயட்டும். கேட்டவர் நெஞ்சில் பதிந்து தேய்ந்த தட்டு தன் கடனை ஆற்றிய தட்டு. என்னுடையது தேயவே இல்லை, புதுமெருகோடு உடைந்தது.

அகன்ற ஊசியை இப்போது வாங்கிவிட்டேன். வேறு சில பழைய தட்டுகளும் வந்து சேர்ந்துள்ளன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் தெருவிலுள்ள முதியோர் சிலர் வருகின்றனர். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பும் பணியை என் மகள் ஏற்றுக்கொண்டாள். தமிழ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் அவள், தட்டின் நடுவே ஒட்டிய தாளில் உள்ள பெயர்களை உரக்கப் படிக்கிறாள். தவறினால் முதியோர் திருத்துகின்றனர். நம் வீடுகளில் இன்னும் பரண்மேல் உறங்கும் தட்டுகள் சில இருக்கக்கூடும். அன்பர்கள் அவற்றைச் சங்கத்துக்குக் கொண்டு வரலாம். திங்களுக்கு ஒரு மாலை நாம் கூடிக் கேட்கலாம். படியெடுத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

உடைந்த தட்டின் மூன்று துண்டுகளையும் நான் எறியவில்லை. அவை அதே அலமாரியில், அதே உறையில் உள்ளன. யாரேனும் ஒரு தட்டைப் போட்டுக் காட்டுமாறு கேட்கும்போது, என் கை தயங்கினால், கண் அவ்வுறையை நோக்கும். பிறகு தயக்கம் நீடிப்பதில்லை.